மாடிப்படியில் நின்ற பெயின்டர்

குடியை விடலாம் என்று நான் முதன்முதலில் போன இடத்தில், எனக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள்.

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உயிர் போனது. தம்பி மனைவி எங்கோ ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்து எழுதிக்கொண்டு வந்த விலாசம் அது. "போங்கக்கா. போகலைன்னா அது உங்க இஷ்டம். ஆனா இனிமே பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிக் காகிதத்தை என் கையில் திணித்தாள். நான் ஒரு கடையில் ஜன்னல் திரை தைக்கிறவள். மெஷினுக்குப் பின்னால், துணிக்கட்டுக்குள், நான் எதை ஒளித்து வைத்திருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது முழுக்க அவளைத்தான் திட்டிக்கொண்டு போனேன்.

பழைய நூலகக் கட்டடம். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. வாசல் பலகையில் 'மாலைக் கூட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன கூட்டம் என்று எழுதினால் யார் வருவார்கள்? காவலாளியிடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது? "குடிகாரங்க எங்கப்பா உக்காருவாங்க?" என்று ஒரு பொம்பளை கேட்டால், அந்த ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போதும் அதைத்தான் சொல்லுவான். கீழ் அறைக் கதவு திறந்திருந்தது. நுழைந்து உட்கார்ந்துவிட்டேன்.

கால் விரல் நகத்தை எப்படி வெட்டவேண்டும் என்று ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். இதுவும் ஒரு வைத்தியமாக்கும், கடைசியில் விஷயத்துக்கு வருவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். "உங்களுக்குச் சுத்தமா சர்க்கரையே இல்லைம்மா!" என்றாள் நர்ஸ். அதற்குத்தான் அந்தக் கைதட்டல். பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ச் சந்தில் பாட்டில் கடை இருந்தது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"தங்கச்சி, மேல் மாடி."

மாடிப்படியின் நடுவில், கைப்பிடியில் சாய்ந்தபடி ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நகக்கண்ணில் நீலப் பெயின்ட், புருவத்தில் வெள்ளைப் பெயின்ட். "எல்லாரும் முதல்ல தப்பான ரூமுக்குத்தான் போவாங்க. நான் போனப்போ எனக்குச் சர்க்கரை இருக்குன்னு வேற சொல்லிட்டாங்க" என்றார்.

"நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"சர்க்கரைக்காரங்க பையைக் கீழ வெச்சிட்டு உக்காருவாங்க. நம்மாளுங்க மடியில வெச்சு இறுக்கிப் புடிச்சிக்கிட்டு உக்காருவாங்க. கதவுக் கண்ணாடியில எட்டிப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

என் பை என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் மேலே ஏறினேன்.

அவருக்கு வேலையே அதுதான். யாரும் கொடுத்த வேலை இல்லை. கூட்டம் தொடங்கும் முன்னால் படியில் நின்று, கீழ் அறையை எட்டிப் பார்த்து, தப்பாகப் போய் உட்கார்ந்தவர்களை மேலே அனுப்புவார். கூட்டம் தொடங்கிய பிறகும் பாதி நேரம் படியில்தான் நிற்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால், "வந்தவன் திரும்பிப் போயிட்டா அப்புறம் வரவே மாட்டான்" என்பார். படிக் கைப்பிடியில் அவர் பிடிக்கிற இடத்தில் மட்டும் பல நிறத்தில் விரல் தடம் இருக்கும். காவலாளி திட்டிக்கொண்டே துடைப்பார். அடுத்த வாரம் வேறு வீட்டு வேலை, வேறு நிறம்.

எங்கள் கூட்டத்தில் பெயர் கிடையாது. நான் டெய்லரம்மா, அவர் பெயின்டர். ஒரு பேங்க் சார் உண்டு. ஒரு டிரைவர் உண்டு, பஸ் ஓட்டுகிறவர். நடுமேஜையில் ஒரு கிண்ணம் நிறைய புதினா மிட்டாய் இருக்கும், பச்சைக் காகிதம் சுற்றியது. குடியை விட்ட நாக்கு இனிப்புக்கு அலையும். "கீழ இருக்கறவங்க இனிப்பை விடறாங்க, மேல இருக்கறவங்க இனிப்பைத் திங்கறோம். நடுவுல அந்த நர்ஸம்மா பாவம்" என்பார் பெயின்டர். காலையில் வேலை தொடங்கும் முன் ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட வேண்டும் என்பதும் வழக்கம். எனக்கு அவர். சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் கூப்பிடுவார். "இன்னைக்கு?" என்பார். "இன்னைக்கு வேண்டாம்" என்பேன். அப்புறம் நான் கேட்பேன், அவர் சொல்லுவார். அவ்வளவுதான் பேச்சு. பல நாள் அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் சாயங்காலம் வரை தைத்தேன்.

விதி என்று ஒன்றுதான். இங்கே கேட்டது இங்கேயே இருக்கவேண்டும். உன் கதையை நீ ஊரெல்லாம் சொல்லிக்கொள், அடுத்தவர் கதையை வெளியே எடுத்துக்கொண்டு போகாதே.

பெயின்டர் கதை இது. அவர் மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்வார், குடிப்பார், மறுபடி செய்வார். கடைசித் தடவை அவர் கையை நீட்டியபோது, வேலைக்குக் கிளம்பி நின்ற அந்தப் பெண் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என் தலையை விட்டுருங்கப்பா" என்றாளாம். சத்தம் கூடப் போடவில்லையாம். அதற்கு மறுவாரம்தான் அவர் சர்க்கரைக்காரர்களோடு போய் உட்கார்ந்தது.

"இனிமே வீட்டுல வாயால சொல்லமாட்டேன்" என்றார் எங்களிடம். "எத்தனை தடவை சொல்லியாச்சு. அவங்களா பாத்து, அவங்களா ஒருநாள் கேக்கட்டும். 'ஏங்க, விட்டுட்டீங்களா'ன்னு என் பொண்டாட்டி கேக்கணும். அப்போ சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீங்களும் மூச்சு விடக்கூடாது."

எனக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, இங்கேருந்து புதினா மணக்க மணக்க வீட்டுக்குப் போறீங்க. குடிகாரன் வீட்டுல புதினா வாசனைன்னா என்ன அர்த்தம்? வாயை மறைக்கறான்னு அர்த்தம். அண்ணி என்ன நினைப்பாங்க?" என்று சண்டைக்கே போனேன்.

"நினைக்கட்டும். மிட்டாயை விட்டா நான் அதுக்குப் போயிருவேன்."

பிடிவாதக்காரர். நல்ல மனுஷர்களின் பிடிவாதத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அவர் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். மூன்றாம் மாடி, பலகை முறிந்துவிட்டது. செய்தி டிரைவர் வழியாக வந்தது. விழுந்த இடத்திலிருந்த எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "காலையிலேயே ஏத்திட்டு ஏறியிருப்பான்." மேஸ்திரி சொன்னான், பக்கத்துக் கடைக்காரன் சொன்னான். ஆஸ்பத்திரியில் யாரும் ரத்தத்தைச் சோதிக்கவில்லை. பெயின்டர், விழுந்தார், குடிப்பழக்கம் உண்டு. அதற்கு மேல் என்ன பார்ப்பது என்று விட்டுவிட்டார்கள்.

அன்று காலையில் என்னிடம் பேசினார். "இன்னைக்கு?" என்று கேட்டார், நான் கேட்டதற்கும் சொன்னார். பேங்க் சார் இழுத்தார்: "நமக்கு நிச்சயமா எப்படித் தெரியும்..." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். குடித்த குரல் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது? எத்தனை வருஷம் அதே குரலில் நான் போனை எடுத்திருக்கிறேன்.

நானும் பேங்க் சாரும் டிரைவரும் அவர் வீட்டுக்குப் போனோம். என்ன சொல்லிக்கொண்டு போவது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லியே வளர்ந்த மூன்று பேருக்கு அன்றைக்கு ஒரு பொய் கூட ஒழுங்காக வரவில்லை. வாசலில் உறவுக்காரர் ஒருவர் விசாரித்தபோது பேங்க் சார், "ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சோம்" என்றார். பேங்க் சாருக்கு முப்பத்தைந்து வயது கூட ஆகவில்லை. டிரைவர், "என் பஸ்ஸுலதான் தினம் வருவாரு" என்றார். வாசலில் பெயின்டரின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. அந்த உறவுக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓ, அந்தக் கூட்டாளிங்களா" என்றார். குடிக் கூட்டாளி என்று அர்த்தம்.

முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். புருவத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லையா என்று எனக்குப் பொறுக்கவில்லை. தலைமாட்டில் அவர் மனைவி. பக்கத்தில் மகள், அழாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு கிழவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "குடிதான் தள்ளிருச்சு. பொண்ணு சொன்னாக் கேட்டானா?"

நான் மனைவியின் பக்கத்தில் குந்தினேன். "அண்ணி" என்று வாயில் வந்துவிட்டது. அவரை அண்ணே என்று கூப்பிட்ட பழக்கம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்கு யாரு அண்ணி?"

என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பைக்குள் கையை விட்டு ஒரு மிட்டாயை எடுத்துப் பிரித்தேன். பயம் வந்தால் எங்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது. அமைதியான அறை. காகிதம் சரசரத்தது. அவள் என் கையைப் பார்த்தாள்.

பச்சைக் காகிதம்.

"நீதானா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்புறம் சத்தமாக. "நீதானா அது? செவ்வாய்க்கிழமை ஆனா எங்க போறார் எங்க போறார்னு நான் கிடந்து சாகறேன். சட்டைப் பையெல்லாம் இந்தக் காகிதம். உங்கூட உக்காந்துதான் குடிச்சாரா? குடி மட்டும்தானா, வேற எதுவுமா?"

அறை முழுக்கத் திரும்பியது. டிரைவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பேங்க் சார் தன் செருப்பைப் பார்த்தார். மகள் முதல் தடவையாகச் சுவரை விட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என் தம்பி மனைவியிடம் பார்த்திருக்கிறேன்.

அவர் எங்களோடு வந்தார், விட்டுவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டுப் போனவர் என் முன்னாலேயே படுத்திருக்கிறார். சொல்லாமல் எழுந்து போனால், குடிகாரன் என்ற பெயரோடு பொம்பளைப் பொறுக்கி என்ற பெயரும் சேர்ந்துதான் வெளியே போவார். செத்தவர் திரும்பி எழுந்து வந்து ஒன்றும் சொல்லப்போவதில்லை. இவருக்காக இந்த இடத்தில் வாய் திறக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

என் கதையை நான் சொல்லலாம். அதற்கு எந்த விதியும் தடை இல்லை.

"நான் குடிகாரி" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "தையல் மெஷினுக்குப் பின்னால பாட்டில் வெச்சுக் குடிச்சவ. இப்போ குடிக்கறதில்ல. செவ்வாய்க்கிழமை ஆனா, பழைய நூலகத்துல மேல் மாடிக்குப் போறேன். குடியை விட்டவங்க, விடப் பாக்கறவங்க அங்க வந்து உக்காருவாங்க. நாக்கு கேக்கும்னு இந்த மிட்டாயைக் கிண்ணத்துல வெச்சிருப்பாங்க. அங்க யார் வர்றாங்கன்னு வெளிய சொல்லக்கூடாது. அதனால நான் சொல்லமாட்டேன். என்னைப் பத்தி மட்டும்தான் சொல்றேன்."

ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்த ஒரு அம்மாளை அப்போதுதான் கவனித்தேன். போன மாசம் எங்கள் கடையில் படுக்கையறைக்குத் திரை தைத்து வாங்கிக்கொண்டு போனவள். வேலை போச்சு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே மேலே சொன்னேன்.

"அவர் விழுந்த அன்னைக்குக் காலையில ஒருத்தர் எனக்கு போன் பண்ணினார். தினம் பண்றவர். குடிச்ச குரல் எதுன்னு என் காதுக்குத் தெரியும். அந்தக் குரல் சுத்தமா இருந்துச்சு. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த காகிதத்தை எடுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். பிறகு புடவைத் தலைப்பால் கணவரின் புருவத்தை அழுந்தத் துடைத்தாள். அந்த வெள்ளை போகவில்லை. மகள் எழுந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரி இல்லை, யாரோ அடிபட்ட மாதிரி இருந்தது. நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மறுநாளே கடையில் முதலாளிக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "உண்மையா?" என்றார். "உண்மை" என்றேன். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு என் மெஷின் பக்கம் வந்து மூச்சை இழுத்துப் பார்ப்பார். "நல்லா மோந்து பாருங்க சார், மெஷின் எண்ணெய்தான்" என்பேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார். காலையில் பெயின்டரின் போன் வராதது அதைவிடக் கஷ்டம். டிரைவர் கூப்பிடுகிறார்தான். நல்லவர்தான். ஆனால் "இன்னைக்கு?" என்று கேட்கும்போது பின்னால் பஸ் சத்தம் கேட்கிறது. பக்கெட் கம்பி கணகணக்கும் சத்தம் கேட்பதில்லை. அழுதுகொண்டே பதில் சொல்லுகிறேன்.

படியில் நிற்கிற வேலை என்னிடம் வந்துவிட்டது. யாராவது நிற்க வேண்டுமே. தப்பான அறையிலிருந்து இரண்டு பேரை மேலே அனுப்பியிருக்கிறேன். ஒருத்தன் நிஜமாகவே சர்க்கரைக்காரன், என்னை ஒரு முறை முறைத்தான்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. கதவுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசையில், மடியில் பையை இறுக்கிக்கொண்டு ஒரு அம்மாள். பாதி முகத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. உள்ளே போய்க் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. நகம் வெட்டுகிற பாடம் முடிகிறவரைக்கும் படியிலேயே நின்றேன்.

அவள் விரலில் பஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எல்லாரும் முதல்ல தப்பான ரூமுக்குத்தான் போவாங்க அண்ணி" என்றேன். "மேல் மாடி."

இந்தத் தடவை யாருக்கு யார் அண்ணி என்று கேட்கவில்லை. "எனக்குச் சர்க்கரை இருக்காம்" என்றாள்.

"அவருக்கும் இருக்குன்னுதான் சொன்னாங்களாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வாசனை மாறினது எனக்குத் தெரியும்" என்றாள், கொஞ்சம் கழித்து. "கை நடுங்கலை. ராத்திரி நல்லாத் தூங்கினார். எல்லாம் தெரிஞ்சுது. ஆனா புதினா வாசனை வந்துச்சு. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வரும். கேட்டு, அவரு மறுபடி சத்தியம் பண்ணிட்டா? மறுபடி நம்பிட்டா? அந்தப் பயத்துல கேக்கவே இல்ல. ஒருநாள் சட்டைப் பையைக் கவுத்து, அந்தப் பச்சைக் காகிதத்தையெல்லாம் அவர் மூஞ்சிக்கு நேரா கொட்டினேன். 'இன்னும் எத்தனை நாள் மறைப்பீங்க'ன்னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசலை. குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போய்ட்டார்."

அதை அவர் எங்களிடம் சொன்னதில்லை.

"பொண்ணு?" என்றேன்.

"வரலை. தலையைத் தடவித் தடவிப் பாத்துக்கறா." பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல அவரு எங்க உக்காருவாரு?"

"உக்காரவே மாட்டார் அண்ணி. இங்கதான் நிப்பார். இந்தப் படியில."

காவலாளி எவ்வளவு துடைத்தும் போகாத ஒரு நீலத் தடம் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் இருந்தது. காட்டினேன். அவள் அதன் மேல் தன் விரல்களை வைத்தாள்.

"நான் ஒரு தடவை நல்லபடியா கேட்டிருந்தா, சொல்லியிருப்பார் இல்ல?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொன்னவள் நான். அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். வாய் வரவில்லை.

"சொல்லியிருப்பார் அண்ணி" என்றேன். "அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தார்."

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.